வம்பனுக்கு நான்கு வேளை

வம்பனுக்கு வாயின் பின்பக்கத்தில் பல்லே இல்லை. முன்பற்கள் மட்டும் மஞ்சளாக, நீளமாக நின்றன. லாயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எட்டியே நிற்பார்கள். கடிக்குமே தவிர வம்பனால் மெல்ல முடியாது. இருபத்தேழு வயதுக் குதிரை. புல்லைக் கொடுத்தால் கன்னத்தில் அடக்கி உருட்டி, ஈரப் பந்தாகத் தரையில் துப்பிவிடும். துப்பாமல் விழுங்கினால்தான் ஆபத்து. போன வருடம் இரண்டு தடவை உணவுக்குழலில் அடைத்துக்கொண்டது. இரண்டு தடவையும் கடவுள் புண்ணியத்தில் தானாக இறங்கிவிட்டது. மூன்றாவது தடவையும் அப்படி இறங்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்று கால்நடை டாக்டரம்மா சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு முன்னங்கால் குளம்புகளில் பழைய நோய் வேறு. இனிப்பு எந்த வேஷத்தில் உள்ளே போனாலும் மறுநாள் நொண்ட ஆரம்பித்துவிடும்.

இந்தக் குதிரையை உயிரோடு வைத்திருந்தது சின்னுவின் கை. சின்னு என்பது அக்கா வைத்த செல்லப் பெயர். நாற்பத்தொரு வயதிலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்துக்கடையில் வேலை. மாத்திரை எண்ணி எண்ணிப் பழகிய கை என்பதால் தீவனத்திலும் ஒரு பிடி கூடாது, ஒரு பிடி குறையாது. குதிரைமசால் தழையைக் காயவைத்து இடித்து அழுத்திய கட்டிகளை வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கூழாகக் குழைந்த பிறகு ஒரு கிண்ணம் தவிடு, ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் உப்பு, பொடித்த மாத்திரை. ஒரு நாளைக்கு நான்கு வேளை. காலையும் மாலையும் சின்னு. மதியமும் இரவும் லாயத்து வேலைக்காரர் நெட்டை. வம்பனின் கொட்டிலுக்கு வெளியே ஒரு கரும்பலகை தொங்கியது. அதில் வேளை, அளவு, ஊறும் நேரம் எல்லாம் எழுதி, அடியில் பெரிய எழுத்தில் 'வேறு எதுவும் யாரும் கொடுக்கக் கூடாது' என்று போட்டிருந்தாள். வம்பனுக்கு நடக்கிற உபசாரம் புது மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது என்று லாயத்தில் கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களும் அந்தப் பலகையைத் தாண்டி ஒரு புல்லைக்கூட நீட்ட மாட்டார்கள். சின்னுவின் வாய்க்கு அவ்வளவு பயம்.

குதிரை உண்மையில் அவளுடையது அல்ல. அக்கா சவாரி சொல்லிக்கொடுக்கிறவளாக இருந்தபோது வாங்கி வளர்த்தது. அக்கா போய் இரண்டு வருடம் ஆகிறது. காகிதப்படி இப்போது வம்பன் அத்தானுக்குச் சொந்தம். அத்தான் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். பகல் பணி, இரவுப் பணி எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவார். கொட்டில் கதவில் சாய்ந்து அரை மணி நேரம் நிற்பார். சின்னுவும் அவரும் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு தடவை அவர் பையிலிருந்து ஆப்பிளை எடுத்துப் பாதி நீட்டியபோது சின்னு பாய்ந்து பிடுங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் ஆப்பிளைத் தானே தின்றுவிட்டுப் போவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல குளிர். சனிக்கிழமை கடையில் சரக்கு இறக்கிய அலுப்பில் சின்னு எழுந்திருக்கவே ஆறாகிவிட்டது. லாயத்துக்கு வந்து தண்ணீர் சூடேற்ற நின்றால் இன்னும் அரை மணி போய்விடும். குழாய்த் தண்ணீரையே பிடித்துக் கட்டிகளைப் போட்டாள். கொட்டிலைக் கூட்டி, படுக்கைக்கு மரத்தூள் மாற்றி முடித்தபோது, பசியில் வம்பன் கதவை உதைத்துக்கொண்டிருந்தது. வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மேலாகக் குழைந்திருந்தது. மற்றதைக் கலந்து கொண்டுபோய்த் தொட்டியில் பாதியைக் கொட்டினாள். அப்போதுதான் அத்தானும் வந்து சேர்ந்தார். அவரைக் குதிரையருகே நிறுத்திவிட்டு, மாத்திரை பொடிக்கிற உரலைக் கழுவச் சாமான் அறைக்குப் போனாள்.

திரும்பி வருவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. இருமலும் இல்லை, ஏப்பமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஒரு தடவை கேட்டவர்களுக்கு அது மறக்காது. சின்னு உரலை அப்படியே போட்டாள். ஓடினாள்.

வம்பன் கழுத்தை முன்னால் நீட்டி, தாடையை நெஞ்சோடு இழுத்து, மறுபடி நீட்டியது. இரண்டு மூக்குத் துளையிலிருந்தும் பச்சை நுரை ஒழுகியது. முன்னங்காலால் தரையைப் பறித்தது. அத்தான் உள்ளே நின்று, கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்னு முதலில் தொட்டியில் இருந்ததை வாளிக்குள் வழித்துப் போட்டு வாளியை வெளியே வைத்தாள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தை அகற்றினாள். அதன் பிறகுதான் தொலைபேசியை எடுத்தாள்.

டாக்டரம்மா வேறொரு பண்ணையில், கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட பசுவோடு போராடிக்கொண்டிருந்தார். வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார். அவர் சொல்லச் சொல்ல சின்னு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். தலை தாழ்ந்தே இருக்க வேண்டும். தொண்டையில் தேங்குவது மூக்கு வழியே வெளியே வடியட்டும். தலையைத் தூக்கினால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலுக்குப் போய்விடும். அடைப்பைவிட அதுதான் ஆளைக் கொல்லும். அலமாரியில் அவர் விட்டுப்போன மயக்க ஊசி இருக்கிறது. கழுத்துச் சதையில் போட்டால் குதிரை தளர்ந்து தலையைத் தொங்கப்போடும்.

நெட்டையைக் கூப்பிட்டாள். அவர் வந்து எதுவும் கேட்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சின்னு மருந்தை உறிஞ்சி, குமிழியைத் தட்டி வெளியேற்றினாள். ஆயிரம் தடவை செய்த வேலை. இடக்கையால் கழுத்துச் சதையைப் பிடித்துக்கொண்டு குத்தினாள். பத்து நிமிடத்தில் வம்பனின் கண் இமை சரிந்தது. தலை முழங்கால் வரை தொங்கியது. மூக்கிலிருந்து நுரை நூலாகத் தரைக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. இடப்பக்கக் கழுத்தில், தொண்டைக்கு ஒரு சாண் கீழே, கையை வைத்தால் கல் மாதிரி ஒரு புடைப்பு. அதை மேலிருந்து கீழாக மெல்ல நீவிவிட்டாள். அசையவில்லை.

இனிக் காத்திருப்பதுதான். கைக்கு வேலை இல்லாமல் போனதும் வாய்க்கு வேலை வந்தது. அத்தானின் பை கதவுக்கு வெளியே மாட்டியிருந்தது. சின்னு அதைத் திறந்து பார்த்தாள். காலியாக இருந்தது.

"ஆப்பிள் எங்க?"

"இன்னிக்கு வாங்கல."

"பொய் சொல்லாதீங்க. நான் அந்தப் பக்கம் போன அஞ்சு நிமிஷத்துல என்ன குடுத்தீங்க?"

எதுவும் கொடுக்கவில்லை என்று அத்தான் நிதானமாகத்தான் சொன்னார். அந்த நிதானம் அவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு வருடமாக நெஞ்சில் அடைத்துவைத்திருந்தது நாக்கில் நரம்பில்லாமல் வந்து விழுந்தது.

"அக்காவுக்கும் இப்படித்தான் குடுத்தீங்க. வாய்வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிக் கட்டில்லயே எழுதி மாட்டியிருந்தாங்க. நீங்க காப்பி குடுத்தீங்க. கப்பை நான் பாத்தேன்."

நெட்டை கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அக்காவுக்குப் பக்கவாதத்தில் விழுங்கும் திறன் போயிருந்தது. அந்தக் காப்பிக்கு மறுநாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். ஜன்னல் ஓரத்தில் பார்த்த அந்தக் கப்பை சின்னு எடுத்துக் கழுவி வைத்தாளே தவிர, இதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அத்தானின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வம்பனின் கழுத்தில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

டாக்டரம்மா வந்தால் காட்ட ஆப்பிள் துண்டு ஒன்றாவது கிடைக்காதா என்று சின்னு வெளியே போய் வாளியில் கையை விட்டாள். துண்டு எதுவும் தட்டுப்படவில்லை. அடியில் கட்டிகள் இருந்தன. ஒன்றை எடுத்து அழுத்தினாள். மேல் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு பாகம் கெட்டியாக நின்றது. நகத்தால் உடைத்தாள். காய்ந்த பொடி. தண்ணீரே படாத வெளிறிய பச்சை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

வெந்நீரில் இரண்டு மணி நேரம், குளிர்ந்த தண்ணீரில் நான்கு மணி நேரம் என்று பலகையில் எழுதியது அவள்தான். இன்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

குழாய் இரண்டடி தள்ளி இருந்தது. திறந்துவிட்டால் ஒரு நிமிட வேலை. வாளியை அலசி வைப்பது அவள் தினமும் செய்கிற காரியம்தான். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அத்தான் ஒரு தடவை சொன்னதற்கு மேல் வாதாடுகிறவர் அல்ல. கை குழாய் வரை போனதை சின்னு பார்த்தாள், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. பிறகு அதே கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டில் வாசலில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தாள். வாய் திறந்து சொல்ல மட்டும் முடியவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் கழுத்தை நீவிக்கொண்டே நின்றாள்.

டாக்டரம்மா ஒன்பதரைக்கு வந்தார். மேலங்கியில் பசுவின் ரத்தம் காயவில்லை. முதலில் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், பிறகு கழுத்தைத் தடவினார், பிறகு கேட்டார்.

"கடைசியா என்ன சாப்பிட்டுச்சு?"

அத்தான் நிமிர்ந்தார். அவர் என்ன சொல்ல வந்தாரோ, சின்னு முந்திக்கொண்டாள்.

"நான் வெச்சதுதான் மேடம். பச்சத் தண்ணில போட்டேன். ஒரு மணி நேரம்கூட ஊறல. உள்ள காஞ்சுபோய் இருக்கு, பாருங்க. அத்தான் ஒண்ணும் குடுக்கல."

டாக்டரம்மா வாளியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், வேலையைத் தொடங்கினார். யார் மேல் தப்பு என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. அடைத்திருப்பது என்ன என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. மீண்டும் ஒரு ஊசி. மூக்கு வழியே நீளமான ரப்பர் குழாய் உள்ளே போனது. புடைப்பு வரை போய் முட்டி நின்றது. நெட்டை கைப்பம்பை இயக்க, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது; குழாயைத் தாழ்த்தினால் பச்சையாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு வாளியிலும் நான்கைந்து துணுக்கு, ஒரு நார். சின்னு வம்பனின் தலையைத் தன் மடியளவுக்குத் தாழ்த்திப் பிடித்திருந்தாள். ஆறாவது வாளிக்குப் பிறகு டாக்டரம்மா எழுந்து முதுகை நிமிர்த்தினார். இது அசையாவிட்டால் முழு மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும், இந்த வயதில் படுத்தால் எழுந்திருக்குமா என்பது சந்தேகம் என்றார். பிறகு மீண்டும் குனிந்தார்.

ஒன்பதாவது வாளியில் குழாய் திடீரென்று ஒரு முழம் உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. கழுத்தில் புடைப்பு இருந்த இடத்தில் விரல் அமுங்கியது. "இறங்கிடுச்சு" என்றார் டாக்டரம்மா. நெட்டை பம்பை விட்டுவிட்டு உட்கார்ந்தார். அத்தான் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

ஆனால் நிம்மதி அதோடு வரவில்லை. இரண்டரை மணி நேரம் அடைத்திருந்ததில் எச்சிலும் தீவனமும் நுரையீரலுக்குள் எவ்வளவு போனது என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. தினமும் ஊசி. காலை, மாலை காய்ச்சல் பார்க்க வேண்டும். மறுநாளிலிருந்து, பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, குடிக்கிற பதத்தில் கூழ். புண்பட்ட குழல் ஆறும்வரை, பத்து நாளாவது, வேறு எதுவும் ஆகாது. சின்னுவுக்குக் கடையில் விடுப்பு கிடைக்காது. நெட்டையின் தலையில் இன்னும் பதினான்கு குதிரைகள். அவள் மனதுக்குள் மணிகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போதே அத்தான் பேசினார்.

"பகல் ரெண்டு வேளையும் நான் பாத்துக்கறேன். நைட் ஷிப்ட் மாத்திக்கலாம்."

டாக்டரம்மாவின் வண்டி போன பிறகு சின்னு அவர் எதிரில் போய் நின்றாள். மன்னிப்பு என்ற சொல் அவளுக்குப் பழக்கமில்லாத மருந்தின் பெயர்போல வாயில் புரண்டது.

"அத்தான், நான் பேசுனது தப்பு."

"குதிரை விஷயத்துல தப்பு" என்றார் அவர். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "இன்னொண்ணுல தப்பில்ல. குடுத்தேன். ரெண்டு ஸ்பூன். கண்ணாலயே கேட்டா, சின்னு. மூணு நாளா கேட்டா. அதனாலதான் போனாளான்னு டாக்டர்கிட்ட நான் கேக்கல. கேட்டா சொல்லிடுவாரோன்னு பயம்."

அவர் துணியைக் கதவில் போட்டார். பலகையின் முன்னால் போய் நின்று, ஒரு வேளைக்கு எத்தனை கட்டி என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் காய்ச்சல் ஏறியது. அதைக் கண்டுபிடித்தது அத்தான். வம்பன் மூக்கை விரித்து மூச்சு விடுவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வேளை வருவதற்கு முன்பே பார்த்திருக்கிறார்: முப்பத்தொன்பதரை டிகிரி. குதிரைக்கு முப்பத்தெட்டை ஒட்டித்தான் இருக்க வேண்டும். முதலில் டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் பிறகு சின்னுவைக் கூப்பிட்டார். அவள் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே மருந்துச் சீட்டை மூன்று தடவை படித்தாள், அப்போதும் கையில் எடுத்தது வேறு டப்பா. முதலாளி அவளைக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்.

மாலையில் டாக்டரம்மா மருந்தை மாற்றினார். வலது நுரையீரலின் அடிப்பக்கத்தில் சத்தம் கேட்கிறது என்றார். இரண்டு நாள் பார்க்கலாம். இறங்காவிட்டால் குதிரையை இழுத்தடிப்பது பாவம், ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றும் சொன்னார். முடிவு உரிமைக்காரர் கையில். உரிமைக்காரரான அத்தான் சின்னுவைப் பார்த்தார்.

"நீ சொல்றதுதான். நீ போதும்னு சொன்னா போதும்."

அவளுக்கு இப்போது அந்த உரிமை வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடம் அதற்காகத்தான் எல்லோரிடமும் சண்டை போட்டாள். கொடுத்ததும் கை கனத்தது. "வெள்ளிக்கிழமை வரைக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

புதன் காலை முப்பத்தொன்பது புள்ளி மூன்று. மாலை முப்பத்தொன்பது புள்ளி நான்கு. கூழைப் பாதியில் விட்டுவிட்டது. வியாழன் காலை அதே. கடைக்குப் போகிற வழியில் சின்னு, வெள்ளிக்கிழமை என்று ஏன் சொன்னோம், சனிக்கிழமை என்று சொல்லியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மதியம் போன் அடித்தது. எடுக்கத் தைரியம் வராமல் ஐந்தாவது தடவை மணி அடித்தபோதுதான் எடுத்தாள்.

"முப்பத்தெட்டு புள்ளி ஆறு" என்றார் அத்தான். "ரெண்டு தரம் பாத்துட்டேன். நெட்டையையும் பாக்கச் சொன்னேன். சட்டிய நக்கிட்டு என் சட்டைக் கையைப் புடிச்சு இழுக்குது."

"கிழிச்சிடுச்சா?"

"கிழிச்சிடுச்சு."

சின்னு கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இடத்தில் போய் நின்று நன்றாக அழுதாள்.

வம்பன் பழைய உடம்புக்குத் திரும்பவில்லை. விலா எலும்பு எண்ணலாம். குளிர் காலையில் மூக்கில் கொஞ்சம் ஒழுகும், டாக்டரம்மா அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் குளிரைத் தாண்டிவிடும், அடுத்த குளிரை அப்போது பார்ப்போம் என்றார். பத்து நாள் முடிந்த பிறகும் அத்தான் மதிய வேளையை நெட்டையிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டியையும் ஊறின பிறகு விரலால் உடைத்துப் பார்த்துத்தான் போடுவார்; ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆக்குவார். இவ்வளவு தேவையில்லை என்று சின்னு சொன்னாள். தேவையா இல்லையா என்று அவர் விவாதிக்கவில்லை, உடைத்துக்கொண்டே இருந்தார். எண்ணெயை எப்போது சேர்ப்பது என்பதில் இருவருக்கும் உண்மையான சண்டையே நடந்தது. நெட்டை எழுந்து வேறு பக்கம் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வம்பன் காலைக் கூழை முடித்த பிறகு அத்தான் கிளம்பத் தயாரானார். சின்னு உரலைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"வீட்ல சமைச்சு வெச்சிருக்கேன். மதியம் வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

அக்கா போன பிறகு அவர் சின்னுவின் வீட்டுப் படி ஏறியதில்லை. கதவில் மாட்டியிருந்த பையை எடுத்தார்.

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டரை."

"பன்னெண்டரைன்னா பன்னெண்டரைதானே? முன்ன பின்ன கெடயாதே?"

"கெடயாது" என்றாள் சின்னு.